பெரியப்பாவின் வேகம்

பழைய கிராமபோன் பெட்டிகளைச் செப்பனிடும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமார்களுக்கும் தங்கைமார்களுக்கும் இதை எழுதுகிறேன். சுருளை எப்படி இறக்குவது, பழைய எண்ணெய்ப் பிசுக்கை எதைக்கொண்டு கழுவுவது, ஒலிப்பெட்டியின் காக்காய்ப்பொன் (மைக்கா) தகட்டை எப்படிப் பொருத்துவது என்பனவற்றை நீங்கள் என்னிடம் கேட்டிருந்தீர்கள். அவற்றை நான் எழுதப்போவதில்லை. பத்துப் பெட்டிகளைத் திறந்தால் உங்கள் விரல்கள் அவற்றைத் தாமே கற்றுக்கொள்ளும். விரல்கள் கற்றுக்கொள்ள இயலாத ஒன்று உண்டு. எனக்கு அது ஒரே ஒரு நாளில், ஒரு தேவாலயத்தில், நானூறு பேருக்கு முன்னால் கற்பிக்கப்பட்டது. அதை மட்டும் சொல்கிறேன்.

யுத்த காலம் அது. எனக்கு இருபது வயது நிரம்பவில்லை. திருத்தணியில் மலைப்படிக்குப் போகும் கடைத்தெருவில் இருந்த ஒரு கடிகாரக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். கடை முதலாளி கைக்கடிகாரம், சுவர்க்கடிகாரம் இரண்டையும் தவிர வேறு எதையும் தொடமாட்டார். யாரேனும் கிராமபோனைத் தூக்கிக்கொண்டு வந்தால், "இது வாட்சு இல்ல, வண்டி. நீ பாரு" என்று என் பக்கம் தள்ளிவிடுவார். அப்படித் தள்ளப்பட்ட பெட்டிகளே எனக்குப் பள்ளிக்கூடம். முதல் பெட்டியின் சுருள், நான் மூடியைத் திறந்ததும் பாம்பு போலப் பாய்ந்து என் மணிக்கட்டின் தோலைச் சீவிக்கொண்டு எதிர்ச் சுவரில் போய் விழுந்தது. முதலாளி தம் கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக்கூடக் கழற்றாமல், "ஸ்பிரிங்குக்கு உன்ன புடிக்கல போல கீது" என்றார். ஆறு மாதத்தில் பிடிக்கச் செய்துவிட்டேன். தொழிலில் எனக்குத் துணிவு என்றும் குறைந்ததில்லை. அன்று அது சற்றுக் கூடுதலாகவே இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் கடைக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடிந்த கடிகாரத்தின் உள்திருகின் தலையில் முதலாளி ஒரு துளி சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றிவிடுவார். வேறு கை அதில் பட்டால் அரக்கு உடைந்திருக்கும்; குற்றம் யாருடையது என்பது தெரிந்துவிடும். 'அரக்கு வைத்த வேலை' என்றால் அரக்கோணம் வரைக்கும் எங்கள் கடை வேலை என்றே பொருள். அந்த வழக்கத்தை நானும் என் கிராமபோன்களுக்கு எடுத்துக்கொண்டேன். கடிகாரத்துக்கு ஏற்ற வழக்கம் பாட்டுக்கும் ஏற்குமா என்று நான் யோசிக்கவில்லை.

நிற்க.

ஒரு மார்கழி மாத இறுதியில் இரண்டு பெண்கள் கடைக்கு வந்தார்கள். மூத்தவர் ராகேலம்மாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். பள்ளிப்பட்டுக்கு அப்பால், தெலுங்கு ஊர்கள் தொடங்கும் இடத்தில், கூலி வேலை செய்யும் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஒரு முப்பது இருந்தன. அந்தச் சிறு சபையில் பாட்டு நடத்துபவர் அவர். இளையவள் மார்த்தாள், அவருடைய நாத்தனார். ராகேலம்மாள் சாக்கில் சுற்றிய பெட்டியை இடுப்பில் வைத்திருந்தார். மார்த்தாள் பெரிய பித்தளைக் குழாயைக் குடை போலத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்திருந்தாள். தெருவே திரும்பிப் பார்த்தது.

முப்பது ஆண்டுகளுக்குக் குறையாத பழைய பெட்டி. மிஷனைச் சேர்ந்த ஒரு வெள்ளைக்கார அம்மையார் தம் தேசத்துக்குத் திரும்பும்போது அந்தச் சபைக்கு விட்டுச் சென்றது.

"பாதிப் பாட்டுல மூச்சு உட்டுடுது நைனா. இத்த எழுப்பிக் குடு" என்றார் ராகேலம்மாள்.

"எழுப்பிடலாம்மா. எப்ப வேணும்?"

"தை மாசம் அறுப்புப் பண்டிகை. இங்க, உங்க ஊரு கோயில்ல. இன்னும் பதினஞ்சு நாளு கீது." சற்று நிறுத்தி, "எப்பவும் போல பாடினா போதும் நைனா. வேற ஒண்ணும் வேணாம்" என்றார்.

"எப்பவும் போல எதுக்கு? எப்பவும் பாடாத மாதிரி பாட வெக்கிறேன் பாருங்க."

மார்த்தாள் குழாய்க்குள்ளிருந்தே சொன்னாள்: "அண்ணி, இவரு வாய்க்கு நல்லா சாவி குடுத்து வெச்சுகீறாரு."

ராகேலம்மாள் சிரிக்கவில்லை. எங்கள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு செய்தியை எனக்கு விளக்கினார். திருத்தணித் தேவாலயத்தில் ஆண்டுதோறும் அறுப்பின் பண்டிகைக்குச் சுற்றுவட்டாரச் சபைகள் அனைத்தும் வந்து கூடும். ஒவ்வொரு சபையும் முன்னால் நின்று ஒரு கீர்த்தனை பாட வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் இவர்களுடைய முறை வந்தபோது நடந்ததை அவர் வாயாலேயே எழுதிவிடுகிறேன்.

"பாதிப் பாட்டுல ஆளுக்கு ஒரு பக்கம் பூட்டோம். ஆர்மோனியக்காரரு சிரிச்சிட்டாரு. அவரு சிரிச்சதும் கோயிலே சிரிச்சிது. அன்னிலேருந்து நாங்க பின்னால குந்திக்கினு கேக்கறதோட சரி. இந்த வருசம் ஐயரு இன்னொரு தபா பாடிப் பாருங்கன்னு சொல்லிகீறாரு. நடவு ஆரம்பிச்சதுலேருந்து பதினாலு பேர வெச்சுக்கினு இந்தப் பொட்டிகூடவே பாடிப் பழகிகீறோம். இதுவும் போச்சுன்னா அப்புறம் எங்க பசங்களும் பின்னாலதான், அதுங்க பசங்களும் பின்னாலதான்."

ஐயர் என்று அவர் குறிப்பிட்டது போதகரை. ஆர்மோனியக்காரர் என்றது தேவாலயப் பாடகர் குழுவின் தலைவரை. அவர் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா.

பெட்டியை விட்டுச் சென்றார்களே தவிர இசைத்தட்டை விடவில்லை. அது ஒன்றே ஒன்றுதான் அவர்களிடம் இருந்தது. பழைய புடவைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டார். நானும் அதைக் கேட்கவில்லை. என் வேலை பெட்டியோடு என்று எண்ணினேன்.

பெட்டியைப் பிரித்தபோது எனக்கு ஆனந்தம் பொங்கியது என்றே சொல்ல வேண்டும். சுருள் நுனியில் பாதி முறிந்து, பிடி வழுக்கிக்கொண்டிருந்தது. எண்ணெய் காய்ந்து வெல்லப்பாகு போல இறுகியிருந்தது. வேகத்தை அடக்கும் மூன்று குண்டுகளும் அந்தப் பிசுக்கில் நகர முடியாமல் கிடந்தன. அவ்வளவையும் மண்ணெண்ணெயில் கழுவினேன். அந்நாளில் அது அளந்து கொடுக்கப்பட்ட பொருள். வீட்டு விளக்குக்கு வைத்திருந்ததைக் கொண்டுவந்தேன். சுருளின் முறிந்த நுனியை வெட்டிப் புதிதாகத் துளையிட்டு மாட்டினேன். எஃகு ஊசி கிடைக்காததால் மூங்கிலைச் சீவி ஊசி செய்தேன். பிறகு, கடையில் இருந்த வேறொரு தட்டை ஏற்றி, அதன் அடியில் ஒரு காகிதத் துண்டை நீட்டிவைத்து, அது ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சுற்றி வருகிறதென்று முதலாளியின் மிகச் சிறந்த கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். எழுபத்தெட்டு, இசைத்தட்டுகளுக்கென்று வகுத்த வேகம். மறுபடி எண்ணினேன். எழுபத்தெட்டு. மேல்பலகைக்கு அடியில் இருந்த வேகத் திருகை அந்த இடத்திலேயே முடுக்கி, அதன் தலையில் அரக்கை ஊற்றினேன். இனி மேலே இருக்கும் வேக முள்ளை யாரும் அசைக்க முடியாது.

நான் அவர்களை ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அது என்ன கேள்வி என்பது உங்களுக்கு இன்னும் சற்று நேரத்தில் விளங்கும்.

பண்டிகை ஞாயிறு காலையில் பெட்டியை நானே தேவாலயத்துக்குச் சுமந்து சென்றேன். வெளுத்த சட்டை, வெளுத்த வேட்டி. அம்மா இட்டுவிட்ட விபூதி நெற்றியில். கையில் ஒரு திருப்புளிகூட எடுத்துச் செல்லவில்லை. என் வேலையில் பழுது வராது என்ற நம்பிக்கைதான் காரணம். தம்பிமார்களே, உங்கள் வேலை அரங்கேறும் இடத்துக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். அன்றைக்கு நான் விருந்தாளியைப் போலப் போய் நின்றேன்.

தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு புளியமரம். அதன் அடியில் அவர்களுடைய மாட்டு வண்டிகள் இரண்டு அவிழ்த்து விடப்பட்டிருந்தன. நெற்கட்டு, பூசணிக்காய், கரும்பு, கால் கட்டிய கோழி எனக் காணிக்கைப் பொருள்கள் குவிந்திருந்தன. பதினான்கு பெண்களும் ஒரே நிறப் புடவையில் நின்றார்கள். மார்த்தாள் என் நெற்றியைப் பார்த்து, "பட்டையோட வந்துகீறாரு. பொட்டி எந்தப் பக்கம் பாடப் போவுதோ!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவர்களுக்கு நல்ல தைரியம் இருந்தது.

ஆர்மோனியக்காரர் அவ்வழியே போனவர் சற்று நின்றார். "என்னம்மா, பொட்டி இருமாம பாடுமா?"

"பாடும் சார்" என்று நானே முந்திக்கொண்டேன். "அரக்கு வெச்ச வேலை சார். யாரும் கை வெக்க முடியாது."

ராகேலம்மாள் தட்டைத் துணியிலிருந்து எடுத்துத் தந்தார். சாவி கொடுத்தேன். ஊசியை இறக்கினேன்.

பெட்டி பாடியது. கரகரப்பு இல்லை, இழுவை இல்லை. ஒரு பெண்ணின் குரல் பளிச்சென்று குழாயிலிருந்து எழுந்து புளியமரத்தை நிறைத்தது. நான் அவர்கள் முகங்களைப் பார்த்தேன், பாராட்டை எதிர்பார்த்து.

மார்த்தாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"யாரு அண்ணி இந்தப் பொம்பள?"

"பாட்டு இதுதானே?" என்றேன்.

"பாட்டு இதான். பாடற ஆளு மாறிட்ச்சி. எங்க பெரிப்பா எங்க? எங்க பெரிப்பாவ இன்னா பண்ண?"

அப்போதுதான் விவரம் வெளிவந்தது. எண்ணெய் இறுகிப்போன அந்தப் பெட்டி எத்தனையோ ஆண்டுகளாக மெதுவாகச் சுற்றிவந்திருக்கிறது. தட்டில் பாடிய பெண்ணின் குரல் அதனால் தாழ்ந்து, தடித்து, ஓர் ஆணின் குரலாகவே ஒலித்திருக்கிறது. சாந்தமான, வயதான, அவசரமே இல்லாத ஓர் ஆண். அந்தக் குரலுக்கு அவர்கள் பெரியப்பா என்று பெயர் வைத்திருந்தார்கள். பெரியப்பா சொல்லித்தந்த மெட்டு, பெரியப்பா மூச்சு விடும் இடம் என்றெல்லாம் சொல்லித்தான் பாடிப் பழகியிருந்தார்கள். வயலில் குனிந்து நாற்று நடும்போது அடிவயிற்றிலிருந்து வரும் தாழ்ந்த குரல் அவர்களுடையது. பெரியப்பாவின் சுருதி அதற்கு அளவெடுத்தாற்போல அமைந்துவிட்டது.

"பாடிப் பாருங்களேன்" என்றேன். மறுபடி தட்டை ஓட்டினேன். பாடினார்கள். முதல் அடியிலேயே இருவருக்குக் குரல் உடைந்தது. மேல் ஸ்தாயி வந்ததும் பாதிப் பேர் நிறுத்திவிட்டார்கள். மீதிப் பேர் கீழே இறங்கிப் பெட்டியோடு மோதினார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் நடந்தது என்ன என்பதை நான் அப்போது என் காதாலேயே கேட்டேன்.

இந்த இடத்தில் நான் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன். நான் வாதாடினேன். தட்டை எடுத்து நடுவில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினேன்.

"இதோ பாருங்கம்மா, பேரே பொம்பள பேருதான் அச்சடிச்சிருக்கு. வாட்சு வெச்சு எண்ணினேன், எழுபத்தெட்டு சுத்து. இப்பதான் பொட்டி சரியா ஓடுது. இத்தினி வருசமா நீங்க கேட்டதுதான் தப்பு."

ராகேலம்மாள் அந்தத் தாளைப் பார்த்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் நீண்ட நேரம் பார்த்தார்.

"பேரு பொம்பள பேராவே இருக்கட்டும் நைனா. எங்களுக்குப் பாட்டு சொல்லிக்குடுத்தது பெரிப்பாதான்" என்றார். பிறகு குரலை உயர்த்தாமலே கேட்டார்: "சரி, நாங்கதான் தப்புன்னே வெச்சிக்கோ. பதினாலு பேரு தொண்டை தப்பாவே பழகிட்ச்சி. இன்னும் ஒரு மணி நேரத்துல அத்த எப்டி மாத்துவ? தொண்டைக்கும் அரக்கு வெப்பியா?"

உள்ளே ஆராதனை தொடங்கும் மணி அடித்தது. முதலில் நகரத்துப் பாடகர் குழு, பிறகு இரண்டு சபைகள், நான்காவதாக இவர்கள்.

"பொட்டி இல்லாமலே பாடுங்களேன்" என்றேன்.

"பாடலாம். எங்க ஆரம்பிக்கிறதுன்னு ஆளுக்கு ஒரு எடம் புடிப்பாங்க. நடவு தொட்டு இந்தப் பொட்டியோட வாலப் புடிச்சிக்கினுதான வந்துகீறாங்க? நடுவுல வர்ற வாத்தியத்துக்கு யாரு இன்னா பண்ணுவாங்க? அன்னிக்கும் பொட்டி இல்லாமதான் போனோம்."

ஆர்மோனியத்தைக் கேட்கவும் வழியில்லை. அதன் சுருதியும் மேலேதான். அதை வாசிப்பவரோ சிரித்தவர்.

அரக்கை உடைத்தால் வேகத்தைக் குறைத்துவிடலாம். அரக்கு மேல்பலகைக்கு அடியில் இருந்தது. பலகையில் நான்கு திருகுகள். திருப்புளி கடையில். கடைச் சாவி முதலாளியிடம். முதலாளி பொதட்டூர்பேட்டையில் ஒரு கல்யாணத்தில். காணிக்கை நெற்கட்டோடு ஓர் அறுவாள் இருந்தது. அதன் நுனியைத் திருகில் வைத்து அழுத்தினேன். அறுவாள் வழுக்கி, பலகையில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறல் விழுந்தது. மறுபடி அழுத்தப் போனேன். ராகேலம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"உடு. பொட்டியக் கிழிக்காத. கோவமா கீற நீ."

உண்மைதான். என் கோபம் பெட்டியின் மேலோ அவர்கள் மேலோ இல்லை. அறுவாளைக் கீழே வைத்தேன். ஒரு வேலையை மேலும் கெடுப்பதற்கு முன்னால் கையை எடுக்கத் தெரிந்திருப்பது இத்தொழிலில் பாதித் திறமை. அன்று அது என்னுடைய திறமையாக இல்லை. அந்த அம்மாளுடையதாக இருந்தது.

வேறு வழி தோன்றாமல் தட்டை மறுபடி ஏற்றி ஓடவிட்டேன். அந்தப் பெண்குரல் யாரைப் பற்றியும் கவலைப்படாமல் பாடிக்கொண்டிருந்தது. மார்த்தாளுக்கு எரிச்சல் பொறுக்கவில்லை. "சும்மா இரு, இன்னா கத்து கத்துற!" என்று சொல்லி, தட்டின் விளிம்பில் விரலை வைத்து அழுத்தினாள்.

குரல் தாழ்ந்தது. இழுத்தது. தடித்தது.

"பெரிப்பா!" என்று பின்வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள்.

மார்த்தாள் பயந்து விரலை எடுத்தாள். பெண் திரும்பி வந்தாள். மறுபடி விரலை வைத்தாள். பெரியப்பா வந்தார். ராகேலம்மாள் என்னைப் பார்த்தார். நான் மார்த்தாளை விலக்கிவிட்டு என் கட்டைவிரலை அங்கே வைத்தேன்.

"இன்னும் கொஞ்சம்" என்றார் அவர். அழுத்தினேன். "ரொம்பப் போச்சு, தூங்கறாரு. மேல உடு. இன்னும். ஆங்! இதான். இங்கயே நில்லு."

அங்கேயே நிற்பதுதான் கடினம் என்பதை நீங்கள் அறிவீர்கள். முழுச் சாவி கொடுத்த சுருள் தொடக்கத்தில் பலமாக இழுக்கும், போகப்போகத் தளரும். ஒரே அழுத்தத்தில் விரலை வைத்திருந்தால் பாட்டின் முடிவில் பெட்டி நின்றே போகும். தட்டுப் பாடும் நேரம் மூன்று நிமிடம். பெரியப்பாவின் வேகத்தில் கிட்டத்தட்ட நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடமும் கடிகாரமோ காகிதத் துண்டோ எனக்கு உதவ முடியாது.

"நான் உங்க முன்னாலதான் குந்திகினு இருப்பேன்" என்றேன். என் வாயில் அவர்களுடைய பேச்சே வந்துவிட்டது. "ஜாஸ்தியா ஓடினா மோவாயக் கீழ எறக்குங்க. கம்மியா ஓடினா மேல தூக்குங்க. நான் உங்க மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருப்பேன்."

"கல்யாணப் பொண்ணப் பாக்கற மாதிரி பாரு" என்றாள் மார்த்தாள். எங்கள் யாருக்கும் சிரிப்பு வரவில்லை, அவளுக்கும் வரவில்லை.

அவர்களுடைய முறை வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பலிபீடத்துக்கு முன்னால் இருந்த சிறு மேசையில் வைத்தேன். குழாயைச் சபையின் பக்கம் திருப்பினேன். அதன் மறைவில் மண்டியிட்டு அமர்ந்தேன். முன்வரிசையில் ஆர்மோனியக்காரர் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்த இருவர் இப்போதே புன்னகை செய்துகொண்டிருந்தார்கள். சாவியை முழுவதும் கொடுத்தேன். கட்டைவிரலை விளிம்பில் வைத்துக்கொண்டே ஊசியை இறக்கினேன்.

பெரியப்பா தொடங்கினார். ராகேலம்மாளின் மோவாய் அசையவில்லை. பதினான்கு பேரும் அந்தத் தாழ்ந்த இடத்தில், நடுவயலில் கால் ஊன்றுவது போல, குரலை ஊன்றினார்கள். முதல் சரணம் பிசகின்றிப் போயிற்று. நடுவில் வாத்தியம் வந்தது, காத்திருந்தார்கள், சரியான இடத்தில் மறுபடி பிடித்துக்கொண்டார்கள்.

இரண்டாம் சரணத்தில் என் விரல் வியர்த்தது. விளிம்பு சூடேறித் தோலை உரசிக்கொண்டிருந்தது, அதைத் தாங்கினேன். வியர்வையைத் தாங்க வழியில்லை. விரல் வழுக்கியது. பெட்டி பிய்த்துக்கொண்டு ஓடியது. பெரியப்பாவின் குரல் நடு வார்த்தையில் ஏறிப் பெண்ணாகத் தொடங்கியது. முன்வரிசையில் ஒருவர் கையால் வாயை மூடிக்கொண்டார். பின்வரிசைப் பெண்கள் இருவர் பெட்டியைத் தொடர்ந்து மேலே போகப் பார்த்தார்கள்.

ராகேலம்மாள் போகவில்லை. மோவாயையும் இறக்கவில்லை. என்னைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு, தாம் நின்ற சுருதியிலேயே, முன்னைவிடப் பலமாகப் பாடினார். மார்த்தாள் அவரோடு சேர்ந்தாள். மேலே போன இருவரும் அந்தக் குரலைப் பிடித்து இறங்கி வந்தார்கள். இப்போது பதினான்கு பேரும் ஓரிடத்தில் நின்றார்கள். அந்தச் சுருதிக்கு வெளியே இருந்தது பெட்டி மட்டுமே.

எனக்கு அக்கணத்தில் ஒன்று விளங்கியது. அதுவரை நான் பெட்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் பின்னால் வந்தார்கள். இனி அவர்கள் நின்ற இடத்துக்குப் பெட்டியைக் கொண்டுவந்து சேர்ப்பது மட்டுமே என் வேலை. வெளுத்த சட்டையில் விரலைத் துடைத்தேன். மறுபடி வைத்தேன். இம்முறை அவர் முகத்தைப் பார்க்கவில்லை; அவர் குரலைக் கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி, பெட்டியை அந்தக் குரலின் மேல் கொண்டுபோய் வைத்தேன். பொருந்தியது. எங்கே பொருந்தியது என்பது காதுக்குத் தெரியாதபடி பொருந்தியது.

அதற்குப் பிறகு முடிவு வரை விரல் தானாகவே சுருளின் தளர்வை அறிந்து விலகிக்கொண்டே வந்தது. கடைசி அடியில் விரல் தட்டைத் தொடவே இல்லை. பாட்டும் சுருளும் ஒன்றாக முடிந்தன.

தேவாலயத்தில் கைதட்டும் பழக்கம் கிடையாது. போதகர், "ஆமென்" என்றார். அதைத் தொடர்ந்து மொத்தச் சபையும் சொன்னது. பின்னால், கதவோரம் உட்கார்ந்திருந்த அவர்களுடைய குடும்பங்கள் சொன்ன ஆமென்தான் மற்றவர்களுடையதைவிடச் சத்தமாக இருந்தது.

ஆராதனை முடிந்தபின் ஆர்மோனியக்காரர் புளியமரத்தடிக்கு வந்தார். நான் கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டிருந்தேன்; தோல் உரிந்திருந்தது. அவர் என்னிடம், "நடுவுல உன் மெஷின் தடுமாறிட்டுது போல. பாட்டு தடுமாறல" என்றார். பிறகு ராகேலம்மாளிடம் திரும்பி, "வர்ற வருஷம் என்ன பாட்டுன்னு முன்னாடியே சொல்லுங்கம்மா. உங்க சுருதிக்கு ஆர்மோனியம் பிடிச்சுப் பாக்குறேன்" என்றார். ராகேலம்மாள், "ஆங், சொல்றேங்க" என்று மட்டும் சொன்னார். ஆர்மோனியக்காரர் போன பிறகு, புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு சற்று நேரம் வண்டிச் சக்கரத்தின் மேல் சாய்ந்து நின்றார்.

அன்றே பெட்டியை எடுத்துக்கொண்டு போகிறோம் என்றார்கள். நான் விடவில்லை. மறுநாள் காலையில் ராகேலம்மாளையும் தட்டையும் கடைக்கு வரச் சொன்னேன். மேல்பலகையைக் கழற்றி, என் கையாலேயே அரக்கைச் சுரண்டி எடுத்தேன். திருகைத் தளர்த்தினால் மட்டும் அவ்வளவு தாழ்ந்த வேகத்துக்குப் பெட்டி இறங்கவில்லை. ஆகவே குண்டுகளோடு உரசும் தோல் துண்டை மாற்றிக் கனமான தோல் வைத்தேன். ராகேலம்மாள் முக்காலியில் அமர்ந்து, "மேல... கீழ... ஆங்" என்று சொல்லச் சொல்ல வேக முள்ளை நகர்த்தினேன். அவர் சொன்ன இடத்தில் காகிதத் துண்டை வைத்து எண்ணிப் பார்த்தேன். அறுபத்திரண்டு. வேக முள்ளின் அடியில் இருந்த பித்தளைத் தகட்டில், முன்பே செதுக்கியிருந்த எழுபத்தெட்டின் கோட்டுக்குக் கீழே, அரத்தால் இன்னொரு கோடு இழுத்தேன்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "ஒரு மெஷினுக்கு ரெண்டு கோடு எதுக்குடா?"

"ஒண்ணு தட்டுக்கு. இன்னொண்ணு இவங்களுக்கு."

அவர் பூதக்கண்ணாடியைக் கழற்றினார். ராகேலம்மாளை ஒருமுறை பார்த்தார். தட்டு முழுவதும் ஓடி முடியும் வரை நின்று கேட்டார். "இது வாட்சு இல்லதான்" என்று சொல்லிவிட்டுத் தம் இடத்துக்குப் போனார். அரக்குக் கட்டியை என் பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டும் போய்விட்டார். அதன்பின் நான் ஒரு பெட்டிக்கும் அரக்கு வைத்ததில்லை.

இப்போது உங்கள் மேசைக்கு வருகிறேன். உங்களிடம் பெட்டிகளைக் கொண்டுவருபவர்கள் பலவிதமானவர்கள். காட்சிக்கு வைக்க விரும்புபவர்கள் உண்டு. பளபளப்பு கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு எழுபத்தெட்டு போதும். துல்லியமாக வைத்துக் கொடுங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. எண்ணும் பழக்கத்தையும் விடாதீர்கள். எண்ணத் தெரியாதவனால் அறுபத்திரண்டையும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் பெட்டியைத் திறப்பதற்கு முன், அன்று நான் கேட்கத் தவறிய கேள்வியைக் கேளுங்கள்: "இது உங்க வீட்டுல எப்படிப் பாடும்?" பெட்டி ஓடும் நிலையில் இருந்தால் அவர்களுடைய தட்டை அவர்கள் முன்னாலேயே ஓட்டிக் கேளுங்கள். ஓடாவிட்டால் பாடிக் காட்டச் சொல்லுங்கள். வெட்கப்படுவார்கள். பிறகு பாடுவார்கள்.

அந்தப் பெட்டி அதன்பின் மூன்று முறை என் கைக்கு வந்தது. எனக்குப் பின் யாருடைய கைக்கு வருமென்று அறியேன். பித்தளைக் குழாய் இருக்கும். மேல்பலகையில் ஒரு விரல் நீளத்துக்கு அறுவாள் கீறல் இருக்கும். அதை மெருகிட்டு மறைக்க வேண்டாம். தகட்டில் இரண்டு கோடுகள் இருக்கும். கீழ்க்கோட்டைத் தவறென்று எண்ணி அரத்தை எடுத்துவிடாதீர்கள். முள்ளை அதில் வைத்து, பாட்டை முழுவதும் ஒருமுறை கேளுங்கள். பெரியப்பா பாடுவார். அவர் பாடி முடித்த பிறகு திருப்புளியை எடுங்கள்.